எஃப் ஒன் அழுத்தினால் எழும் மெஷின்

உங்கள் வீட்டில் ஏதோ ஒரு பொருள் தினமும் தன் நோயை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது, நீங்கள் அதன் வாயைப் பொத்திவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள். அது எந்தப் பொருள் என்று இப்போதே சொல்ல முடியுமா உங்களால்?

முடியாதென்றால் வெட்கப்பட வேண்டாம். இந்தக் கதைக்கு உரியவளாலும் முடியவில்லை. அவளோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவதையே தொழிலாகப் படித்தவள்.

வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு 'செக்கிங்' என்று பெயர். பூட்டிய கதவை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்ப்பாள். பால் பாக்கெட்டின் தேதியைப் பார்க்காமல் காசை நீட்ட மாட்டாள். மகளின் விடைத்தாளைக் கூட்டிப் பார்த்து, டீச்சர் தவறுதலாக மதிப்பெண் அதிகம் போட்டிருக்கிறார் என்று பள்ளிக்கே கொண்டுபோய்க் காட்டியவள். அதற்குப் பிறகு சில நாள் மகள் அவளோடு பேசவில்லை. "குறைச்சுப் போட்டிருந்தா போய்ச் சண்டை போட்டிருப்பேன்ல? அப்ப இதையும் சொல்லத்தானே வேணும்?" என்று இவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதலில் மருந்து பாட்டில் தயாரிக்கும் தொழிற்சாலையில்தான் அவளுக்கு வேலை. ஓடுகிற பெல்ட்டின் முன்னால் நின்று, மூடி கோணலாக விழுந்த பாட்டில்களைத் தட்டித் தள்ள வேண்டும். கால் வீங்கும். கண் எரியும். வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்கு ஓடி, மென்பொருளைச் சோதிக்கும் படிப்பைப் படித்தாள். ஒருவர் எழுதி முடித்த மென்பொருளை, விலைக்குப் போவதற்கு முன்னால் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பயன்படுத்திப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து எழுதித் தரும் வேலை அது. இவளுக்கென்றே யாரோ யோசித்து உண்டாக்கிய வேலை. நல்ல கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். நல்ல பெயரும் வாங்கினாள்.

பிறகு மகள் பிறந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்தார். "யாராவது ஒருத்தர் வீட்ல இருந்தாகணும்" என்று வீடு கூடிப் பேசியது. அந்த யாராவது ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் கூடுவதற்கு முன்பே அது முடிவாகியிருந்தது. உலகத்தில் எத்தனையோ தேர்தல்கள் நியாயமாக நடந்ததில்லை என்று படிக்கிறோம். வீட்டுக்குள் நடக்கும் இந்தத் தேர்தலைப் பற்றி மட்டும் எந்த வரலாற்றுப் புத்தகமும் வாய் திறப்பதில்லை.

மாமியார் போன பிறகு, மகளும் தானே தலை வாரிக்கொள்ளும் வயதுக்கு வந்த பிறகு, அவள் வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினாள். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி.

"நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வீட்ல இருந்தேன் சார்."

"ஓ. சும்மா இருந்தீங்க."

மாமியாரின் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்டி, ராப்பகலாக மூச்சுவிடாமல் உழைத்த வருஷங்களுக்கு அந்த நாற்காலிக்காரர்கள் வைத்த பெயர் 'சும்மா'. அவள் எழுந்து வருவாள். வரும்போது அந்த அறையின் கதவுக் கைப்பிடி லூசாக இருந்தால் அதை மட்டும் சொல்லிவிட்டு வருவாள்.

கடைசியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்து காட்ட வேண்டும், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். நாற்காலி உன்னுடையது, கரண்ட் உன்னுடையது, மெஷின் உன்னுடையது, லாபம் மட்டும் எங்களுடையது. இந்த ஏற்பாட்டுக்கு 'உங்கள் சௌகரியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இருக்கட்டும். அவளுக்கு உள்ளே நுழைய ஒரு கதவு வேண்டும். இது ஒன்றுதான் திறந்திருந்தது.

மெஷின் என்று சொன்னேன் இல்லையா, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இழுத்து மூடப்பட்ட ஒரு டிராவல்ஸ் ஆபீசிலிருந்து மேஜையோடு சேர்த்துக் கணவன் வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர். காலையில் போட்டவுடன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி வரும். "அதைக் கண்டுக்காதீங்க. எஃப் ஒன் அழுத்துங்க, எழுந்துக்கும்" என்று விற்றவன் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எஃப் ஒன் என்பது அழைப்புமணி மாதிரி. மகள் தன் சிவப்பு நகப்பூச்சில் அந்தப் பித்தானின் மேல் ஒரு பொட்டு வைத்திருந்தாள். இருட்டிலும் விரல் அங்கே போகும். வெள்ளை எழுத்து என்ன சொல்கிறது என்று ஒருவரும் படித்ததில்லை. பால் பாக்கெட்டின் தேதியைப் படிக்கிறவள்கூட.

வேலை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை கம்பெனி அனுப்பியதை மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். மருந்துக் கடைகளுக்கான மென்பொருள். அதை நேரடியாகத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டக்கூடாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவித்து, அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்குள் ஓட்ட வேண்டும். வீட்டுக்குள் ஒரு அறையைத் தடுத்து வாடகைக்கு விடுவது மாதிரி. வாடகைக்காரன் அங்கே எதை உடைத்தாலும் சொந்த வீட்டுக்குச் சேதாரம் இல்லை. இப்படித் தடுத்துக்கொள்ளும் திறமை, கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரிலேயே இருக்க வேண்டும். விர்ச்சுவலைசேஷன் என்பார்கள்.

அந்த அறை திறக்க மாட்டேன் என்றது. திரையில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரன் படத்தைப் பெரிதாக்கக்கூட இல்லை.

"ப்ராசஸர்ல அந்த வசதி இல்லக்கா. பழசு. இதைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கங்க. எக்ஸ்சேஞ்சுல நல்லாப் பண்ணித் தரேன்."

"இல்லன்னு மட்டும் போடலையே தம்பி. 'வசதி இல்லை, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது'ன்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் சும்மா போடுவாங்கக்கா."

"சும்மா போடறதுக்கு அவங்க என்ன கல்யாணப் பத்திரிகையா அடிக்கறாங்க?"

கடைக்காரன் சிரித்தான். புது மெஷின் வாங்க அவளுக்கு வழியும் இல்லை, மனமும் இல்லை. வீட்டுக்கு வந்து, தன் ப்ராசஸரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைத் தயாரித்தவர்களின் இணையப் பக்கத்தில் தேடினாள். வசதி இருக்கிறது என்று தெளிவாகப் போட்டிருந்தது. பிறந்த நாளிலிருந்து அதற்குள் இருந்த திறமை அது. யாரும் கேட்காததால் அணைந்து கிடந்தது.

மறுநாள் மத்தியானம் அதை எழுப்ப உட்கார்ந்தாள். மெஷினைப் போட்டவுடன் டெலிட் பித்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால், விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புகளின் பக்கம் திறக்கும். அவள் பின்னால் கணவன் நின்றுகொண்டிருந்தான்.

கணவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் ராசி பார்க்கிறவன். நாளின் முதல் சவாரி வலது பக்கம் திரும்பினால்தான் அன்றைக்குத் தொழில் ஓடும் என்று நம்புவான். ஒருவழிப்பாதைகளைக் கண்டுபிடித்தவனை அதனாலேயே அவனுக்குப் பிடிக்காது.

"அங்கெல்லாம் கை வைக்காத. ஏதாவது ஆயிடுச்சுன்னா மொத்தமாப் போயிடும்."

"படிச்சுட்டுத்தான் கை வைக்கறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

ப்ராசஸர் என்ற பகுதிக்குள் போனாள். விர்ச்சுவலைசேஷன் என்ற வரிக்கு எதிரே 'முடக்கம்' என்றிருந்தது. 'இயக்கம்' என்று மாற்றினாள். சேமித்துவிட்டு வெளியே வந்தாள். மெஷின் தானே அணைந்து எழுந்தது. உள்ளறை திறந்துகொண்டது. வெடிக்கவில்லை.

"அட, இவ்ளோதானா?" என்றான் கணவன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

திங்கட்கிழமை காலை வேலைக்கு உட்கார்ந்தபோது உள்ளறை மறுபடி பூட்டிக் கிடந்தது. அதே வாக்கியம். பயாசுக்குள் போய்ப் பார்த்தால் மறுபடி 'முடக்கம்'. தான்தான் சரியாகச் சேமிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கினாள். பகலில் இரண்டு மூன்று தடவை மெஷினை அணைத்துப் போட வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் சொன்ன சொல் தவறாமல் 'இயக்கம்' என்றே நின்றது. செவ்வாய்க்கிழமை காலை மறுபடி 'முடக்கம்'.

"நான் சொன்னா உனக்குக் கசக்கும். ஆபீசையே இழுத்து மூட வச்ச மெஷின் இது. ராசி கெட்டது" என்றான் கணவன்.

"ராசி கெட்டதுன்னா பகல்லயும் கெடணும்ல? அதென்ன காலையில மட்டும் கெடற ராசி? ஷிஃப்டு போட்டு வேலை செய்யுதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. செவ்வாய் சாயங்காலம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கம்பெனியிலிருந்து மேற்பார்வை பார்க்கும் பெண் போன் செய்தாள். சின்ன வயது, மரியாதையான குரல்.

"மேடம், உங்க ரிப்போர்ட் பாத்தேன். ரெண்டு நாளும் காலையில நீங்க எழுதின குறிப்பு எல்லாத்துலயும் தேதி பல வருஷத்துக்கு முந்தினதா இருக்கு. மத்தியானத்துக்கு மேல இருக்கறதுல இன்னிக்கித் தேதி இருக்கு."

"பழைய தேதியா? எப்படி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன் மேடம். வேற எங்கயோ எப்பவோ செஞ்ச ரிப்போர்ட்டை எடுத்து ஒட்டறாங்களோன்னு மேல கேக்கறாங்க. இதுக்கு முன்னாடி ஒருத்தர் அப்படிப் பண்ணியிருக்கார். நடுவுல உங்களுக்குப் பெரிய இடைவெளி வேற. நாளைக்கு லீவு. வியாழக்கிழமை காலையில விளக்கம் குடுங்க. இல்லன்னா இதோட நிறுத்திக்கச் சொல்றாங்க."

போனை வைத்தாள். வேலை போவது ஒன்று, ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு போவது இன்னொன்று. கூடுதல் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தவளுக்கு, பழையதை எடுத்து ஒட்டுகிறவள் என்று பெயர். ஒரு பெண் சில வருஷம் வீட்டுக்குள் இருந்தால் அவள் திறமை மட்டுமா சந்தேகத்துக்குள்ளாகிறது? நாணயமும் சேர்ந்தல்லவா!

புதன்கிழமை விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்து மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். யோசிக்கும்போது அவள் நாற்காலியில் உட்கார மாட்டாள்.

மாமனார் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு, 'மெயின் ஸ்விட்ச்'. படுக்கப் போகும் முன் வீடு முழுக்கச் சுற்றி வந்து, ஃபிரிட்ஜையும் மின்விசிறியையும் தவிர்த்து, சுவரில் உள்ள ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். விருந்துக்கு வந்தவர்கள் சார்ஜில் போட்ட போன் காலையில் செத்துக் கிடக்கும். கேட்டால், "போன் செத்தா சார்ஜ் போட்டுக்கலாம். ஆளு செத்தா?" என்பார்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். பகல்ல எத்தனை தடவை அணைச்சுப் போட்டாலும் இந்த மெஷின் நான் மாத்தினதை ஞாபகம் வச்சிருக்கு. ராத்திரி தாண்டினா மறந்துடுது. தேதியும் பின்னாடி போயிடுது. இன்டர்நெட் வந்து கொஞ்ச நேரம் கழிச்சு அதுவாச் சரியாகுது. ராத்திரியில இந்த வீட்ல அப்படி என்ன நடக்குது?"

"என்ன நடக்கும்? எல்லாரும் தூங்கறோம். நான் ஸ்விட்ச்சை..."

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"தீயை அணைச்சே காலம் போச்சு. இப்ப உன் பொழப்பையும் நான்தான் அணைச்சிட்டேனாம்மா?"

"அது இன்னும் தெரியல மாமா. சந்தேகம்தான். சோதிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிடும். வாங்க, நீங்கதான் ஸ்விட்ச்சுக்கு ஆள்."

"இன்னிக்கு ராத்திரி அணைக்காம விட்டுடுன்னு மட்டும் கேட்டுடாத. அது என்னால ஆகாது. நான் பாத்த வீடுங்கள நீ பாக்கல."

"கேக்கல. பட்டப்பகல்லயே பண்ணிடலாம்."

குறை தேடுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. ராசி பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, ஏதோ ஒன்று பலித்தால் கடைசியாகக் கட்டிய கயிற்றுக்குப் பெருமை சேர்ப்பார்கள். அவள் முதலில் பயாசில் 'இயக்கம்' என்று வைத்தாள். மெஷினை அணைத்தாள். சுவர் ஸ்விட்ச்சைத் தொடவில்லை. இருவரும் டீ குடித்தார்கள். திரும்பப் போட்டால் 'இயக்கம்' அப்படியே இருந்தது.

"இப்ப நீங்க" என்றாள்.

மாமனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றார். "ரெடியா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கட்டடத்துக்கே மின்சாரத்தைத் துண்டிப்பவர் மாதிரி ஸ்விட்ச்சை அணைத்தார். மறுபடி ஒரு டீ போட்டுக் குடிக்கும் நேரம் விட்டு, "போடலாமா?" என்றார். போட்டார்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து.

பகலில் எத்தனையோ முறை அணைத்துப் போட்டபோது அந்த எழுத்து வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழக்க தோஷத்தில் அவள் விரல் சிவப்புப் பொட்டின் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை மாமனாருக்குத் தமிழில் சொன்னாள்.

"தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை. உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்கு மாற்றப்பட்டன. தொடர எஃப் ஒன் அழுத்தவும்."

இரண்டு பேரும் அந்த நாலு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை வருஷமா இது வாயைத் திறந்து சொல்லிட்டே இருந்திருக்கு மாமா. நாந்தான் தினமும் அது வாயைப் பொத்தியிருக்கேன். எனக்குப் பேரு செக்கிங்காம்!"

"விடும்மா. தீ மணி வச்ச கட்டடத்துலயும் நாங்க பாத்தது இப்படித்தான். பேட்டரி போச்சு போச்சுன்னு அது கீச்சுக் கீச்சுன்னு கத்தும். சத்தம் தொந்தரவா இருக்குன்னு துணியை வச்சுக் கட்டியிருப்பாங்க. அப்புறம் எங்களைக் கூப்பிடுவாங்க." பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப நான் குற்றவாளி இல்ல, சாட்சிதான்னு வச்சுக்கலாமா?" என்றார்.

"சாட்சி மாமா. முக்கிய சாட்சி."

நடந்தது இதுதான். கரண்ட் இல்லாத நேரத்திலும் தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைத்துக்கொள்ள, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். இந்த மெஷினில் அது எப்போதோ செத்துவிட்டது. சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை வருகிற மின்சாரத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. மாமனார் அணைத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பிறந்த குழந்தையாகக் காலையில் கண் விழித்தது. அவர் அணைத்தது தவறே இல்லை. அதைத் தாங்க வேண்டிய பேட்டரி இல்லாததுதான் தவறு.

ஸ்விட்ச்சை அணைத்து, வயரையும் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். தூசு படிந்த பலகையின் மூலையில் வெள்ளிக்காசு மாதிரி பேட்டரி உட்கார்ந்திருந்தது. நெம்பி எடுத்தாள். மேலே எண் அச்சிட்டிருந்தது. விடுமுறை நாள், கடை எதுவும் திறந்திருக்கவில்லை. வியாழன் காலைக்குள் வேண்டும். வீட்டில் இந்த அளவில் வேறெதில் இருக்கும் என்று யோசித்தபோது, கணவன் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். தூரத்திலிருந்து அழுத்தினால் கதவு திறக்கும் சாவி.

மருமகளும் மாமனாரும் ஒரே நேரத்தில் அந்தச் சாவியைப் பார்த்தார்கள்.

"என்ன? ஏன் ரெண்டு பேரும் என்னை இப்படிப் பாக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னார்கள். திரையில் இருந்த நாலு வரியையும் அவனையே படிக்க வைத்தாள். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சரி, மெஷின் மேல தப்பில்லன்னே வச்சுக்குவோம். அதுக்காக என் காரோட பேட்டரியா? அது ராசியான காரு!"

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. உங்க கார் ராசியைக் கொஞ்சம் இந்த மெஷினுக்கு ஊத்துவோம்" என்றாள்.

"குடுடா. நாளைக்குக் கதவைச் சாவியை விட்டுத் திற. கை ஒண்ணும் தேஞ்சு போயிடாது" என்றார் மாமனார்.

பழைய பேட்டரியின் எண்ணும் சாவிக்குள் இருந்ததன் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. கணவனே நகத்தால் நெம்பி எடுத்துக் கொடுத்தான். பேட்டரியைப் பொருத்தினாள். பயாசுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, 'இயக்கம்' என்று வைத்துச் சேமித்தாள். மெஷினை அணைத்தாள். மாமனார் சுவர் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, நன்றாக அணைந்ததா என்று விரலால் ஒருமுறை அழுத்தியும் பார்த்தார். சமையலே முடிந்தது. சாப்பிடக்கூட யாரும் நகரவில்லை. பிறகு போட்டார்கள்.

கறுப்புத் திரை வரவில்லை. வெள்ளை எழுத்து இல்லை. விரல் மட்டும் பழக்கத்தில் சிவப்புப் பொட்டின் மேல் போய்க் காத்துக்கொண்டிருந்தது. மெஷின் அவளைக் கேட்காமல் தானே எழுந்தது. தேதி சரி. உள்ளறை திறந்தது.

"அப்ப ராசி?" என்றார் மாமனார் மகனைப் பார்த்து.

"எனக்குப் பசிக்குது. எனக்குச் சோறு இருக்கா இல்லையா?" என்றான் மகன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். செக்கிங் முடிக்க விடவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து விளக்கம் எழுதிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தன் மெஷினில் தேதி பின்னால் போயிருந்தது, சரி. அந்தத் தேதியில் மருந்துக் கடை மென்பொருள் எப்படி எந்தப் புகாரும் இல்லாமல் வேலை செய்தது? காலையில் எழுதிய குறிப்புகளை மறுபடி திறந்தாள். கம்பெனி சோதனைக்குக் கொடுத்திருந்த மருந்துப் பட்டியலில் காலாவதியானவை சில இருந்தன. தேதி சரியாக இருந்த மத்தியானங்களில் மென்பொருள் அவற்றைச் சிவப்பில் காட்டி, விற்காதே என்று தடுத்தது. தேதி பின்னால் போயிருந்த காலைகளில் அதே மருந்துகளைப் பச்சையில் காட்டி, விற்கலாம் என்றது. முந்தைய நாள் மாலை எழுதிய கணக்கு ஒரு தேதியில் இருக்க, அடுத்த நாள் காலைக் கணக்கு பல வருஷம் முந்திய தேதியில் இருந்ததைப் பார்த்தும் அதற்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

பேட்டரி செத்த கம்ப்யூட்டர் எத்தனை மருந்துக் கடைகளில் இருக்கும்? அங்கேயும் காலையில் எஃப் ஒன் அழுத்தி எழுப்பும் ஒரு விரல் இருக்காதா? கோணல் மூடி பாட்டில்களைத் தட்டித் தள்ளிய பழைய வேலை அவளுக்கு நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு பாட்டில் தப்பினால் ஒரு வீட்டுக்குப் போகும். இங்கே தப்பினால் ஊருக்கே போகும்.

வியாழக்கிழமை காலை அந்தப் பெண் போன் செய்தபோது, விளக்கமும் குறையறிக்கையும் தயாராக இருந்தன. என்ன செய்தேன், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, எத்தனை முறை செய்தாலும் எப்படி அதுவே நடக்கிறது, எல்லாம். செத்த பேட்டரியின் படம், திரையின் நாலு வரி, பச்சையும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில்.

மறுமுனையில் அந்தப் பெண் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"மேடம், இதை நீங்க வேணும்னே தேதியை மாத்திக் கண்டுபிடிச்சீங்களா?"

"இல்லம்மா. என் மாமனார் தினமும் ஸ்விட்ச்சை அணைப்பாரு. அதனால கிடைச்சுது."

"இந்தக் குறை எங்க டீம்ல யாருக்கும் தெரியாது. எங்க எல்லாருக்கும் புது மெஷின்."

"அப்ப ஒரு பழைய மெஷின் வாங்கி வைங்க" என்றாள் செக்கிங்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வாரம் முடிந்ததும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சம்மதம் சொல்வதற்கு முன் செக்கிங் ஒன்று கேட்டாள். "என் இடைவெளியை வச்சுத்தான் சந்தேகப்பட்டீங்க. அதே பழைய தேதி, இடைவெளி இல்லாத ஒரு ஆம்பளை ரிப்போர்ட்டுல இருந்திருந்தா முதல்ல மெஷினைச் சந்தேகப்பட்டிருப்பீங்களா, ஆளைச் சந்தேகப்பட்டிருப்பீங்களா?" அந்தப் பெண் நேர்மையானவள். "மெஷினைத்தான் மேடம்" என்றாள். அந்தப் பதிலுக்காகவே அவளைச் செக்கிங்குக்குப் பிடித்துப்போனது.

அடுத்த சனிக்கிழமை கணவனின் சாவிக்குப் பேட்டரி வாங்க அதே தெருமுனைக் கடைக்குப் போனாள். கடைக்காரனிடம் நடந்ததைச் சொன்னாள். கடையின் பின்பக்கம், எக்ஸ்சேஞ்சில் வாங்கிப்போட்ட பழைய பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எடைக்குப் போகக் காத்திருந்தன.

"இதுல ஒண்ணு போட்டுக் காட்டேன் தம்பி."

அவன் விருப்பமில்லாமல் ஒன்றை இழுத்து வயரைச் செருகினான். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. தொடர எஃப் ஒன்.

"இதை ஏன் குடுத்தாங்க?"

"ஏதோ ஓட மாட்டேங்குதுன்னாங்கக்கா. பழசு, அந்த வசதி இல்லன்னு..." அவன் முடிக்கவில்லை. "திறந்து பாக்க நேரம் எங்கக்கா இருக்கு? ஜனங்களும் இல்லன்னு சொன்னா இல்லன்னு கேட்டுக்கறாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. இல்லை என்று சொல்கிறவன் ஒருவன்தான். கேட்டுக்கொள்கிறவர்கள் கூரை வரை அடுக்கியிருந்தார்கள்.

ஆகவே, இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஏதாவது ஒரு பித்தானை அழுத்தினால்தான் எழுகிற மெஷின் இருந்தால், நாளைக் காலை அந்த விரலைக் கொஞ்சம் நிறுத்தி, திரையில் இருப்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலி உங்களுடையதாக இருந்தால், நடுவில் சில வருஷம் காணாமல் போனவளின் விண்ணப்பத்தையும் அதே மாதிரி எடுத்துப் படியுங்கள். படித்துவிட்டு, அவளுக்கு ஒரு போன் செய்யுங்கள்.